தொலைந்த ஹெடரும் கம்ப்யூட்டர் அக்காவும்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியும் யாராவது கொண்டுபோய் அவருக்குக் காட்டிவிடுவார்கள். பிறகு எனக்குப் போன் வரும். "அண்ணை, இந்த இடத்தில நான் சிரிச்சனான் எண்டு எழுதியிருக்கிறியள். நான் சிரிச்சதை ஆர் கண்டது?" என்று கேட்பார். ஆகவே கம்பனியில் எல்லோரும் கூப்பிட்டது போலவே நானும் கம்ப்யூட்டர் அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். வயதில் எனக்கு இளையவர்தான். ஆனால் முதலாளியைத் தவிர அந்தக் கம்பனி வளவுக்குள் இருந்த எல்லோருக்கும் அவர் அக்கா. லொறிச் சாரதிக்கு அறுபது தாண்டிவிட்டது, அந்த மனுசனுக்கும் அக்கா.

எங்கள் கம்பனி என்றால் நண்டுக் கம்பனி. மன்னார்ப் பட்டினத்துக்குக் கொஞ்சம் வெளியே, பாலத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. கரையோர ஊர்களில் இருந்து நண்டு வரும். அவித்து, ஓடு நீக்கி, சதையைப் பெட்டியில் அடைத்து, குளிர் லொறியில் அனுப்புவோம். உள்ளே தலையில் வலை கட்டிக்கொண்டு சதை எடுப்பது முழுக்கப் பெண்கள். அவர்களில் ஒருத்தி என் மனைவி. வெளியே ஸ்ரோர் கீப்பர் நான். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது முழுக்க நண்டை நம்பித்தான் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பிறகு நான் கத்துவதைப் பார்த்து இந்த மனிதனுக்கு ஏன் இத்தனை கோபம் என்று யாரும் கேட்கக் கூடாது.

அக்கா ஓலைத்தொடுவாயில் பிறந்தவர். கலியாணம் முடித்து உப்புக்குளத்தில் இருந்தார். கம்பனியின் கம்ப்யூட்டர், இன்டர்நெட், கைரேகை மெசின் எல்லாம் அவர் பொறுப்பு. கெட்டிக்காரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்.

முதல் நாள் வேலைக்கு வந்தபோது நான்தான் வளவைச் சுற்றிக் காட்டினேன். "இது கை கழுவுற இடம், தண்ணி எந்த நேரமும் வரும்" என்றேன். அவர் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் வந்தது. மூடினார். "இது பின்கதவு, பூட்டித்தான் இருக்கும்" என்றேன். போய் இழுத்துப் பார்த்தார். "அங்கால பெட்டை நாய் ஒண்டு குட்டி போட்டிருக்கு, கிட்டப் போகாதேங்கோ" என்றேன். அதையும் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். அன்று தொடக்கம் ஆறேழு வருடம் நான் அந்த மனுசியோடு காலம் தள்ளினேன்.

இதில் எரிச்சல் என்னவென்றால், அவரிடம் கெட்ட எண்ணம் ஒரு துளியும் கிடையாது. உங்களைப் பொய்க்காரன் என்று அவர் ஒருநாளும் நினைக்கமாட்டார். நீங்கள் உண்மையைத்தான் சொல்கிறீர்கள், ஆனால் உங்களுக்கே விசயம் தெரியாது என்று நினைப்பார். பொய்க்காரன் என்று சொல்லியிருந்தால்கூட நான் இவ்வளவு கோபப்பட்டிருக்கமாட்டேன்.

ஒருமுறை அக்கா பேசாலையில் இருக்கும் தன் தங்கச்சிக்கு பஸ் கொண்டக்டர் கையில் பலகாரப் பை ஒன்று கொடுத்துவிட்டார். தங்கச்சி போன் எடுத்து, "வந்தது அக்கா, பிள்ளையள் சாப்பிடுதுகள்" என்றிருக்கிறார். அதோடு விடலாம்தானே? "என்ன நிறப் பையில வந்தது?" என்று கேட்டிருக்கிறார். தங்கச்சி பச்சை என்றார். "முடிச்சு எந்தப் பக்கம் போட்டிருந்தது?" என்று அடுத்த கேள்வி. தங்கச்சிக்கு வந்ததே கோபம்! அந்த வருடத் திருவிழாவுக்குக்கூட அக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "பை வந்தது சரி, அது நான் குடுத்த பைதானோ எண்டு நான் எப்பிடி அறியிறது?" என்று அக்கா என்னிடம் கேட்டார். நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.

அவருடைய பங்குக் கோயில் பாதரையும் விடவில்லை. பாதர் நல்ல மனிதர், எல்லோரிடமும் சொல்வதுபோல, "உம்முடைய செபத்தை ஆண்டவர் கேட்டிருக்கிறார் மகள்" என்று சொல்லியிருக்கிறார். "கேட்டவர் எண்டு அங்கால இருந்து ஏதும் வந்ததோ பாதர்?" என்று அக்கா பக்தியோடுதான் கேட்டாராம். அதற்குப் பிறகு பாதர் அக்காவைத் தூரத்தில் கண்டால் மாதா சிலைக் கெபிப் பக்கமாகத் திரும்பிப் போய்விடுவார் என்று கேள்வி. நான் கண்ணால் காணவில்லை. இப்படி எழுதுவதுதான் எனக்கும் பாதுகாப்பு.

கம்பனி வேலையில் இந்தக் குணத்துக்கு அவர் ஒரு வசனம் வைத்திருந்தார். "அனுப்பினதைக் காட்டாதேங்கோ, போய்ச் சேர்ந்ததைக் காட்டுங்கோ." ஐஸ் அனுப்பியாச்சு என்று ஐஸ்காரன் சொன்னாலும் இதுதான். சம்பளம் வங்கிக்குப் போட்டாச்சு என்று முதலாளி சொன்னாலும் இதுதான். முதலாளி அந்த வசனத்தைக் கேட்டால் நெற்றியில் கை வைப்பார்.

இனி ஹெடர் தொலைந்த கதைக்கு வருகிறேன். அதுவரை நாங்கள் நண்டை வேறொரு பெரிய கம்பனிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் திடீரென்று எங்களிடம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். முதலாளி ஓடித் திரிந்து வெளிநாட்டில் நேரே வாங்கும் ஓர் ஆளைப் பிடித்தார். முதல் லொறி வெள்ளிக்கிழமை மத்தியானம் புறப்பட வேண்டும். சனிக்கிழமை காலையில் கட்டுநாயக்காவில் பிளேன் ஏற வேண்டும். "இது ஏறினால் கம்பனி இருக்கும். ஏறாட்டி திங்கட்கிழமை கதவு திறக்கிறதில்லை" என்று முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

நண்டு போவதற்கு முன்னே அதன் பத்திரம் கம்ப்யூட்டர் வழியாகப் போக வேண்டும். எந்தக் கடலில் பிடித்தது, எப்போது அவித்தது என்ற விபரம் எல்லாம் அதில் இருக்கும். அது நேரே போகாது. கொழும்பில் இடையில் ஒரு கம்பனி இருக்கிறது. எங்கள் பத்திரத்தை அவர்களுடைய கம்ப்யூட்டர் வாங்கி, பார்த்து, வாங்குபவரின் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். பத்திரத்தின் தலையில் செக்யூரிட்டி ஹெடர் என்று ஒரு துண்டு இருக்க வேண்டுமாம். இதை அனுப்புவது யார், எத்தனை மணிக்கு அனுப்பினார் என்பதெல்லாம் கையெழுத்தோடு அதில் இருக்கும். வேறு பங்கில் கலியாணம் கட்டப் போகிறவன் தன் பங்குப் பாதரின் முத்திரைக் கடிதம் கொண்டுபோக வேண்டும் அல்லவா, அதுபோல என்று அக்கா எனக்கு விளங்கப்படுத்தினார். முத்திரை இல்லாவிட்டால் மாப்பிள்ளை எவ்வளவு நல்லவன் என்றாலும் தாலி ஏறாது.

லொறி புறப்பட வேண்டிய அந்த வாரத்தில், திங்கட்கிழமை, ஒத்திகைக்கு அக்கா ஒரு பத்திரம் அனுப்பினார். அது திரும்பி வந்தது. செக்யூரிட்டி ஹெடர் இல்லை என்று வாங்குபவரின் கம்ப்யூட்டர் சொன்னது. செவ்வாய்க்கிழமையும் அதே பதில். அக்கா எங்கள் கம்ப்யூட்டரில் போன பத்திரத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தார். ஹெடர் முத்திரையும் கையெழுத்துமாக அழகாக இருந்தது.

கொழும்புக் கம்பனிக்குப் போன் எடுத்தார். அங்கே ஒரு தம்பி, மரியாதையான தம்பி. "மேடம், உங்கட பக்கம்தான் ஹெடர் இல்ல."

"நான் போட்டனான் தம்பி."

"போட்டிருந்தா வந்திருக்குமே மேடம்."

"உங்களுக்கு வந்ததைக் காட்டுங்கோ. நீங்கள் அங்கால குடுத்ததையும் காட்டுங்கோ."

"அது நாங்க யாருக்கும் காட்டுறதில்ல மேடம்."

பாவம் அந்தத் தம்பி, யாரிடம் மாட்டிக்கொண்டேன் என்று அவருக்குத் தெரியவில்லை. புதன்கிழமை முழுக்க அக்கா போனும் கையுமாக இருந்தார். அந்தத் தம்பி சாப்பிடப் போய்விட்டார் என்றார்கள். "என்ன சாப்பாடு?" என்று அக்கா கேட்டதை நான் என் காதால் கேட்டேன். இங்கே முதலாளி ஒருபக்கம், "இல்லையெண்டு சொல்லுறாங்கள்தானே, இன்னுமொருக்காப் போட்டு அனுப்பன் பிள்ளை!" என்று கத்தினார். மறுபக்கம் நானும் கத்தினேன். அக்கா எங்கள் இருவரையும் பார்த்து, "இல்லாததைப் போடலாம். இருக்கிறதை எப்பிடிப் போடுறது?" என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் அந்தத் தம்பி தாங்கமுடியாமல் இரண்டு பிரதியையும் அனுப்பிவிட்டார். அவர்களுக்கு வந்த பத்திரத்தில் ஹெடர் இருந்தது. அவர்கள் அந்தப் பக்கம் கொடுத்த பத்திரத்தில் இல்லை. அக்கா போனை எடுத்து, "தம்பி, நீங்களும் பாத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். "விடிய எடுக்கிறன் மேடம்" என்றார் தம்பி.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே தம்பியின் போன் வந்தது. ஆள் உண்மையாகவே தேடிப் பிடித்திருந்தார். "மேடம், எங்கட மெசின் ஹெடர்ல இருக்கிற நேரத்தைப் பார்க்கும். உங்கட பத்திரத்தில இன்னும் வராத நேரம் இருக்கு. கால் மணித்தியாலம் முன்னுக்கு. அதால அந்த ஹெடர் செல்லாது எண்டு கழட்டிப் போட்டு மிச்சத்தை அனுப்பியிருக்கு."

அக்கா மெதுவாகத் தன் கைமணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் திரையின் மூலையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

எங்கள் கம்பனியின் மணிக்கூடுகள் கால் மணித்தியாலம் முன்னுக்கு ஓடும். அது முதலாளியின் ஏற்பாடு. பெண்கள் வேலைக்குப் பிந்தக் கூடாது என்பதற்காகச் சுவர் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைத்தார். முதல் கிழமை எல்லோரும் அடித்துப் பிடித்து ஓடி வந்தார்கள். அடுத்த கிழமை எல்லோருக்கும் விசயம் தெரிந்துவிட்டது. மனதுக்குள் கால் மணித்தியாலத்தைக் கழித்துவிட்டு ஆறுதலாக வந்தார்கள். முதலாளியும் கழித்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். அவருடைய மணிக்கூட்டை அவரே நம்பியதில்லை. ஆனால் வரவு பதியும் கைரேகை மெசினைத் திருத்த ஒருவர் வந்தபோது, சுவரும் மெசினும் ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லி, முதலாளி அவரைக் கொண்டு மெசினோடு கம்ப்யூட்டர் நேரத்தையும் முன்னுக்குத் தள்ளுவித்திருக்கிறார். அதை அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டார்.

முதலாளியைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னோம். அவர் முகம் சிவந்தது.

"என்ர மணிக்கூட்டில என்ன பிழை? அது முன்னுக்கு எண்டு ஊருக்கே தெரியும்!"

"கொழும்பு மெசினுக்குத் தெரியாது ஐயா" என்றார் அக்கா.

"அப்ப போன் எடுத்துச் சொல்லு பிள்ளை. எங்கட பத்திரம் வந்தால் கால் மணித்தியாலத்தைக் கழிச்சுப் போட்டுப் பார்க்கச் சொல்லு!"

மாதாவே, எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெளியே லொறி நிற்கிறது, பெட்டி ஏற்றுகிறார்கள், உள்ளே பெண்கள் கண்ணாடிக்கூடாக எங்களையே பார்க்கிறார்கள், இந்த மனிதர் தன் மணிக்கூட்டுக்கு வக்கீலாக நிற்கிறார். நான் எரிந்து விழுந்தேன். முதலாளி என்றும் பார்க்கவில்லை. "ஐயா, மணிக்கூடு முக்கியமோ, கம்பனி முக்கியமோ?" என்று கத்திவிட்டேன். கடைசியில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "கம்ப்யூட்டரில மட்டும் மாத்து. சுவரில இருக்கிறதில கை வையாத. நான் ஒண்டும் பார்க்கேல்லை" என்றார்.

அக்கா நேரத்தைத் திருத்தினார். பத்திரத்தைத் திரும்ப அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: ஏற்றுக்கொள்ளப்பட்டது. நான் துள்ளிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மனைவி கையில் நண்டுக்காலோடு சிலுவை போட்டாள். சாரதி ஹோர்ன் அடித்தார்.

ஆனால் அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. முகம் செத்துப்போய் இருந்தது. "நான் எல்லாத்தையும் பார்க்கிறனான் அண்ணை. தண்ணிக் குழாயையும் பார்க்கிறனான். கண்ணுக்கு முன்னால இருந்த நேரத்தைப் பார்க்கேல்லை. என்ர கையில மணிக்கூடு இருக்கு, அது சரியா ஓடுது எண்டு இருந்திட்டன்" என்றார். ஐந்து நாளும் நாங்கள் ஏசியபோது அசையாத மனுசி அப்போது கண் கலங்கினார். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "விடுங்கோ அக்கா, அதுதான் இப்ப சரி வந்திட்டுதே" என்றேன்.

"சரி வந்தது எண்டு ஆர் சொன்னது?"

"கம்ப்யூட்டர்!"

"அது கொழும்புக் கம்ப்யூட்டர் சொன்ன பதில். வாங்கிற ஆளின்ர கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்ததோ எண்டு தெரியாது." வாங்குபவரின் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். அந்த நாட்டில் இன்னும் விடியவில்லை, யாரும் எடுக்கவில்லை. கொழும்புத் தம்பி முதலிலும் எங்கள் பக்கம்தான் பிழை என்று அடித்துச் சொன்னவர், அவரை இனிக் கேட்டுப் பிரயோசனமில்லை. பத்திரம் உண்மையாகவே சேர்ந்திருந்தால் சனிக்கிழமை விடிய கட்டுநாயக்காவில் சரக்கு ஏற்றும் இடத்துத் திரையில் அது நிற்கும். சேராவிட்டால் பெட்டியை அங்கேயே திருப்பிவிடுவார்கள். நண்டுச் சதை வெயிலில் எத்தனை நேரம் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?" என்றார் முதலாளி, குரலே இல்லாமல்.

அக்கா எழும்பினார். போனையும் சார்ஜரையும் எடுத்தார். வெளியே போய் லொறியின் முன்கதவைத் திறந்தார்.

சாரதி திகைத்துப்போனார். "அக்கா, எங்க வாறியள்?"

"நண்டோட."

காலில் சாதாரணச் செருப்பு, வேலைக்குப் போட்டு வந்த சட்டை. ஒரு மாற்றுடுப்பு இல்லை. ஏறி இருந்துகொண்டு கணவருக்குப் போன் எடுத்தார். "நான் கட்டுநாயக்காவுக்குப் போறன். நாளைக்கு வாறன்" என்றார். அந்த மனிதர் உப்புக்குளத்தில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர், ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஓம்" என்றார். போனை வைத்ததும் அக்கா இறங்கிப் பின்னால் போய், லொறிக் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறினார். லொறி பாலத்துப் பக்கம் திரும்பி மறையும்வரை நாங்கள் வாசலில் நின்றோம்.

சனிக்கிழமை வேலை இல்லை. ஆனாலும் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். தலையில் வலையும் இல்லை, கையில் கத்தியும் இல்லை, வந்து மரநிழலில் சும்மா நின்றார்கள். முதலாளி காரை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே இருந்தார். நான் போனை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் போட்டேன்.

"அண்ணை, திரையில எங்கட பத்திரம் நிக்குது. ஹெடரும் இருக்குதோ எண்டு அந்த மனுசனைத் திறந்து காட்டச் சொன்னனான். இருக்குது. பெட்டியள் எல்லாம் உள்ளுக்குப் போனதையும் கண்டனான். பிறகு வெளியில வேலிக் கரையில வந்து நிண்டனான். பிளேன் எழும்பிட்டுது. திங்கட்கிழமை எல்லாரையும் வேலைக்கு வரச் சொல்லுங்கோ."

பெண்கள் கை தட்டுவார்கள், கத்துவார்கள் என்று நினைத்தேன். யாரும் தட்டவில்லை. சிலர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்கள். பிறகு அவர்களுக்குள் மூத்த மனுசி ஒருவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நேத்து மத்தியானம் போன பிள்ளை. அது ஏதும் சாப்பிட்டதோ?" என்று கேட்டார். அடடா, அதை நான் கேட்கவே இல்லை.

"அக்கா, சாப்பிட்டனீங்களோ?" என்றேன்.

"ஓம் அண்ணை, சாப்பிட்டனான்."

என் மனைவி போனை என் கையில் இருந்து பறித்தாள். "என்ன சாப்பிட்டனீங்கள்?"

"இடியப்பம்."

"என்ன கறியோட?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. முந்தின நாள் மத்தியானத்தில் இருந்து ஒரு வாய் உள்ளே போகவில்லை என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. "படம் எடுத்து அனுப்புங்கோ" என்றாள் என் மனைவி. கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. லொறியின் முன் தட்டில் ஒரு இடியப்பப் பார்சல், சாரதி வாங்கிக் கொடுத்திருக்கிறார். போன் கைக்குக் கை மாறியது. ஒவ்வொருத்தியும் படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். பார்சலில் போட்ட றப்பர் வளையம் இன்னும் கழட்டவில்லை.

"போனை வையாதேங்கோ அக்கா. பிரியுங்கோ. நாங்கள் கேட்டுக்கொண்டு நிக்கிறம்" என்றாள் என் மனைவி.

நாங்கள் எல்லோரும் போனைச் சுற்றிக் குனிந்து நின்றோம். முதலாளியும் காரை விட்டு இறங்கி வந்து குனிந்தார். முதலில் றப்பர் கழன்ற சத்தம் கேட்டது. பிறகு கடதாசி பிரிந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அதன்பிறகு அக்கா வாய் நிறைய இடியப்பத்தோடு, "சம்பலுக்கு உப்புப் போதாது" என்றார். அதை மட்டும் நாங்கள் எல்லோரும் பார்க்காமலே நம்பினோம்.